பதினேழாம் இலக்கத்தை வெட்டிய நாள்

என் ஆரணிக்கு,

நீயும் அம்மாவும் திரைச்சீலைத் துணி வாங்கப் புறக்கோட்டைக்குப் போயிருக்கிறீர்கள். பெட்டிகளைக் கட்டி வைக்கும்படி அம்மா எனக்கு ஒரு வேலை தந்துவிட்டுத்தான் போனாள். ஒன்றைக் கட்டினேன். இரண்டாவதில் உன் புத்தகங்களை அடுக்கத் தொடங்கி, ஒன்றைத் திறந்து, அதில் இருந்த நரம்புப் படங்களைப் பார்த்துக்கொண்டே அரைமணி நேரத்தைப் போக்கிவிட்டேன். திங்கட்கிழமை காலை லொறி வரும். பொலன்னறுவையில் உன் பரிசோதனை அறையைத் திறந்த பிறகு உனக்கு இந்தக் கிழவனின் கதை கேட்க நேரம் இருக்காது. நேரில் சொன்னால் நான் பாதியில் ஒரு பகிடி விட்டு நழுவிவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். இதை உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் வாசித்துக் காட்டு. நாளைக்கு உனக்குப் பிள்ளைகள் வந்தால் அவர்களும் வாசிக்கட்டும். ஒளிப்பதற்கு என்னிடம் இனி ஒன்றும் இல்லை. அந்தச் சுகத்தில்தான் இத்தனை சந்தோசமாக எழுத வருகிறது.

நீ பிறந்தபோது நான் பூச்சிமருந்து விற்றுக்கொண்டிருந்தேன். கொழும்பில் ஒரு கம்பனி; களஞ்சியம் ஒருகொடவத்தையில். திங்கள் காலை வெள்ளவத்தையிலிருந்து கம்பனி வான் வண்டியில் வெளிக்கிட்டால் வெள்ளி பின்னேரம்தான் திரும்பி வருவேன். வயல் இருக்கிற ஊர்களெல்லாம் என் ஊர்கள். சண்டைக் காலம். சோதனைச் சாவடியில் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பின்னால் இருக்கும் போத்தல்களில் ஒன்றைத் திறந்து முகர்ந்துவிட்டு, "பெஹெத்", மருந்து, என்று சொல்லி விட்டுவிடுவார்கள். அந்த நஞ்சைத் தமிழிலும் மருந்து என்கிறோம், சிங்களத்திலும் மருந்து என்கிறோம். அந்தச் சொல்லின் நிழலில்தான் எங்கள் சாப்பாடு நடந்தது, குஞ்சு. நான் நல்ல விற்பனையாளன். என் சிங்களத்தில் ஒரு யாழ்ப்பாணத்து இழுவை இருக்கும். அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வாங்குவார்கள்.

உனக்கு ஒன்பது வயது நடந்த வருசம். ஒரு விவசாயச் சங்கத்துத் தகரக் கொட்டகையில் புது மருந்தை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் எழும்பி, "மாத்தையா, இது கையில் பட்டால் ஒன்றும் செய்யாதா?" என்று சிங்களத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. போத்தலின் ஒட்டுத்தாளிலேயே அதற்கு விடை இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டைக் கையை மடித்து, கலக்கி வைத்திருந்த வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டேன். வெளியே எடுத்து, எல்லோருக்கும் காட்டி, கைலேஞ்சியால் துடைத்தேன். கை தட்டினார்கள். கொண்டுபோனது முழுவதும் விற்றது. அந்தக் கைதட்டு எனக்குப் பிடித்துப்போயிற்று. அன்றைக்கே இன்னும் இரண்டு ஊர்களில் அதையே செய்தேன். கடைசி ஊரில் தண்ணீர்த் தட்டுப்பாடு. கலவை தடிப்பாக இருந்தது. கழுவவும் தண்ணீர் கிடைக்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை; பின்னேரம் வானை ஓட்டியவர் நல்லவேளையாக வேறொருவர். கொழும்புக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை, ஆனால் எனக்குக் காலி வீதி முழுவதும் மங்கலாகத் தெரிந்தது. வியர்வை ஊற்றியது. வயிறு முறுக்கியது. அம்மாவிடம் காய்ச்சல் என்றேன். அவள் மல்லித்தண்ணி அவித்துத் தந்துவிட்டு, நான் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்துக்கொண்டு தோய்க்கப் போனாள். நீ வீட்டுப்பாடக் கொப்பியோடு என் கட்டிலில் வந்து இருந்தாய். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துவிட்டு, "அப்பா, உங்கட தோலுக்குள்ள என்னவோ நெளியுது" என்றாய். பார்த்தேன். முன்கைத் தசை தன்பாட்டில் அங்கே ஒன்று இங்கே ஒன்றாகத் துடித்துக்கொண்டிருந்தது. அது மருந்தின் வேலை என்று விளங்கிவிட்டது. ஆனால் உன்னிடம், "அது எலிக்குஞ்சு. அப்பான்ர கைக்குள்ள வீடு கட்டியிருக்கு" என்றேன். நீ ஒவ்வொரு துடிப்பையும் விரலால் அமத்திப் பிடிக்கப் பார்த்துச் சிரித்தாய். நானும் சிரித்தேன். டொக்டரிடம் போகவில்லை, போனால் உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று நாளில் எல்லாம் அடங்கிவிட்டது. நீதான் எலிக்குஞ்சைக் காணவில்லை என்று கவலைப்பட்டாய்.

அதற்குப் பிறகு நான் வாளிக்குள் கை விடவில்லை. ஆனால் விற்பதை விடவும் இல்லை. அதைவிட மோசம், புதிதாக வேலைக்கு வந்த இரண்டு பேருக்கு, இப்படிச் செய்து காட்டினால் விற்பனை ஏறும் என்று சொல்லிக் கொடுத்தேன். எனக்கு வந்ததைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கம்பனி மூடும் வரை அங்கேதான் இருந்தேன். பிறகு காலி வீதியில் ஹார்ட்வெயார் கடைக்கு மனேஜராகப் போனேன். ஆணியும் பெயின்ரும் விற்றதில் மனம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நீ டொக்டர் ஆனபோது நான் எங்கள் லேனில் வீடு வீடாகப் பால்கோவா கொடுத்தேன். இருதய ஆபரேசன் செய்கிற மகளைப் பற்றிக் கடையில் முன்கூட்டியே கதைத்தும் வைத்திருந்தேன். நீ ஒருநாள் வந்து உடற்றொழிலியலில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்றாய். "அதுக்கு ஆர் பிள்ளை காசு குடுத்து வருவினம்?" என்று கேட்ட மடையன் நான்தான். நீ கோபிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உன் தலைப்பைச் சொன்னாய். பூச்சிமருந்து உடம்பில் ஏறினால் நரம்பும் தசையும் ஒன்றோடொன்று கதைப்பது எப்படித் தவறிப்போகிறது என்பதுதான் உன் ஆராய்ச்சி. எனக்குப் புரையேறியது. மீன்முள் என்று சொல்லிச் சமாளித்தேன்.

"நரம்பு தசையிட்ட ஒரு சொல்லுச் சொல்லும் அப்பா, 'சுருங்கு' எண்டு. தசை கேட்ட உடன அந்தச் சொல்லை அழிச்சுவிடுறதுக்கு ஒரு நொதியம் இருக்கு. மருந்து அந்த நொதியத்தைக் கட்டிப்போடும். அப்ப சொன்ன சொல்லு அழியாது. சுருங்கு, சுருங்கு எண்டு கேட்டுக்கொண்டே இருக்கும். முதல்ல தசை துடிக்கும். பிறகு களைச்சுப்போய்க் கேளாமலே விட்டிடும். மூச்சு விடுற தசை கேளாமல் விட்டால் ஆள் முடிஞ்சுது."

"உங்கட அப்பா கம்பனிக் கதை சொல்லுற மாதிரி" என்றாள் அம்மா. "முதல்ல துடிச்சன். இப்ப கேக்கிறேல்லை." நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். நீ அந்த உதாரணத்தை வகுப்பில் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். நான் சிரித்துக்கொண்டே மேசைக்குக் கீழே என் முன்கையைத் தடவிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியாது.

அதற்கு அடுத்த வருசம் உனக்குச் சுகதேகிகள் தேவைப்பட்டார்கள். நஞ்சேறியவர்களின் நரம்பை அளக்க முன்னர், நஞ்சேறாதவர்களின் நரம்பு எப்படி வேலை செய்கிறது என்று அளந்து வைக்க வேண்டும் என்றாய். யாரையும் வற்புறுத்தக் கூடாது, விரும்பி வந்தால் மட்டும் என்று எனக்குக் கண்டிப்பாகச் சொன்னாய். நான் வற்புறுத்தவில்லை. லேனில் ஒவ்வொரு வாசலிலும் நின்று, விரலில் கரண்ட் பாய்கிற அதிசயத்தை வர்ணித்தேன், அவ்வளவுதான். சனிக்கிழமைகளில் என் தலைமையில் ஓட்டோக்கள் உன் ஆய்வுகூடத்துக்குப் புறப்படும். தையல்கடை நிஸ்தார் நானா உன் மெசின் முன்னால் இருந்து, "நாப்பது வருசமா ஊசி புடிச்ச வெரல் மகள், நல்லாப் பாருங்க" என்று கையை நீட்டினார். மணிக்கட்டில் நீ கரண்ட் கொடுத்ததும் சின்னவிரல் தானாகத் துள்ளியது. அவர் விரலைப் பார்த்து, "நா சொல்லாம நீ எப்படி ஆடினாய்?" என்று கேட்டார். ஓட்டோ சுனில் இதில் ஃபோன் சார்ஜ் பண்ணலாமா என்று சிங்களத்தில் கேட்டான். உன்னோடு வேலை செய்யும் மல்காந்திக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. எங்கள் லேனில் ஒரு கலியாணவீட்டுக்குக்கூட இவ்வளவு கலகலப்பு இருந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை வர வேண்டிய ஒருவர் வரவில்லை. மெசின் சும்மா இருந்தது. "அங்கிள், நீங்கள் இருக்கிறீர்களா?" என்று மல்காந்தி சிங்களத்தில் கேட்டாள். நீ அடுத்த அறையில். மறுக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. அவள் கேள்வித்தாளை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். சீனி வருத்தம் இருக்கிறதா, குளிசை ஏதும் எடுக்கிறீர்களா, எப்போதாவது பூச்சிமருந்து கையாண்டிருக்கிறீர்களா. இல்லை என்றேன். ஒரே சொல். இருபத்துநாலு வருசத்துக்குப் பிறகும் அது எவ்வளவு லேசாக வாயில் வந்தது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் வெட்கம்.

அப்பா மூடின போத்தலை விற்றதோடு சரி, மருந்தைத் தொட்டதில்லை என்றுதான் நீ நம்பியிருந்தாய்; வந்து என் கையைப் பிடித்துத் தகட்டை ஒட்டினாய். அந்த மெசின் என் பொய்யைக் கண்டுபிடித்துவிடும் என்று நினைத்தேன். கரண்ட் பாய்ந்தது, விரல் துள்ளியது, திரையில் ஒரு கோடு எழும்பி விழுந்தது. பிறகு அடுத்தடுத்து வேகமாகக் கொடுத்தாய். எழும்பின கோடுகள் எல்லாம் ஒரே உயரத்தில் நட்ட வேலிக் கம்புகளைப் போல நின்றன. "நல்ல வடிவான நரம்பு அப்பா உங்களுக்கு" என்று சொல்லி, தாளில் பதினேழு என்று இலக்கம் போட்டாய். வீட்டுக்கு வரும் வழியில் எனக்குப் பாட்டு வந்தது. தப்பிவிட்டேன் என்ற சந்தோசம். லேன் முகப்பில் இறங்கும்போதுதான் விளங்கியது. நீ ஒரு வருசமாக ஓடியோடிச் சேர்க்கிற கணக்குக்குள், பூச்சிமருந்தே தொடாதவன் என்று ஒரு பூச்சிமருந்துக்காரனைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். இனி உன்னிடம் வருகிற நோயாளியை என்னோடு ஒப்பிட்டுப் பார்ப்பாய்.

இரண்டு கிழமை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு ஞாயிறு காலை நாங்கள் இரண்டு பேரும் மீன் வாங்கிக்கொண்டு வரும் வழியில், நீ தண்டவாளத்தோரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பையில் பாரை மீன். "பிள்ளை, அண்டைக்கு நான் பொய் சொன்னனான்" என்று தொடங்கினேன். வாளி, கைதட்டு, எலிக்குஞ்சு எல்லாவற்றையும் சொன்னேன். பொடியன்களுக்குப் பழக்கிக் கொடுத்ததையும், அம்மா தோய்த்த சட்டைகளையும் சொன்னேன். ஒரு ரயில் போனது. பிறகு, நான் எதிர்பார்த்த எதையும் கேட்காமல், "எவ்வளவு நேரத்தில கண் மங்கினது?" என்று கேட்டாய். "வயித்தாலை போனதோ? மூச்சு விடக் கஷ்டமா இருந்ததோ? எத்தனையாம் நாள் துடிப்பு நிண்டது?" ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் உன் கண் கலங்கியது.

"நீங்கள் அண்டைக்கே செத்திருக்கலாம் அப்பா. அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்காது."

"ஓம்."

"என்னட்ட எலிக்குஞ்சு எண்டு சொன்னனீங்கள்."

"ஓம் பிள்ளை."

அதற்கு நீ சிரித்தாய். அழுதுகொண்டே சிரித்தாய். மருத்துவ பீடத்தில் தசைத் துடிப்பைப் பற்றிப் படித்த அன்றைக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று யோசித்ததாகவும், எங்கே என்று பிடிபடவில்லை என்றும் சொன்னாய். அங்கேயே நின்று மல்காந்திக்கு ஃபோன் எடுத்து, "பதினேழாம் இலக்கத்தை வெட்டிவிடுங்கள், காரணத்தை நாளைக்கு எழுதுவோம்" என்று சிங்களத்தில் சொன்னாய். என் வாழ்க்கையில் என்னைத் தூக்கி வெளியே போட்டதற்காக நான் சந்தோசப்பட்ட ஒரே இடம் அதுதான். மீன் பழுதாகப் போகிறது என்று நடக்கத் தொடங்கினபோது, நீ திரும்பிக் கேட்டாய்: "அப்பா, உங்களை மாதிரி எத்தினை பேர் இருக்கினம்?"

அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு புது உத்தியோகம் கிடைத்தது. பழைய ஆட்களைத் தேடிப் புறப்பட்டேன். நான் பழக்கின இருவரில் ஒருவன் வெளிநாட்டில். ஃபோனில் மன்னிப்புக் கேட்டேன். மற்றவன் கொட்டாஞ்சேனையில் இருந்தான். மட்டக்குளி, கொச்சிக்கடை என்று களஞ்சியத்தில் வேலை செய்தவர்களையும் ஒவ்வொருவராகப் பிடித்தேன். நீ அவர்களுக்கென்று தனி அனுமதி எடுத்து, தனிக் கேள்வித்தாள் எழுதினாய். அவர்கள் வந்த முதல் சனிக்கிழமை வெளியே போட்டிருந்த வாங்கில் இருந்து கதைத்த கதையை நீ கேட்டிருக்க வேண்டும். வாளிக்குள் கை விட்டவன் நான் மட்டும்தான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். ஒருவன் சிரித்துக்கொண்டு, "நானும் விட்டனான் அண்ணை" என்றான். பக்கத்தில் இருந்தவனும் கையை உயர்த்தினான். வெட்கம்தான், ஆனாலும் பகிர்ந்துகொண்ட வெட்கம் எங்களைப் பள்ளிக்கூடப் பெடியங்கள் மாதிரி ஆக்கிவிட்டது.

செல்வராஜ் அண்ணனை நினைவிருக்கும். தேயிலைத் தோட்டத்திலிருந்து இளவயதில் கொழும்புக்கு வந்து, களஞ்சியத்தில் ட்ரம் உருட்டினவர். உடைந்த போத்தல்களை வெறுங்கையால் அள்ளினவர். உன் கேள்விகளுக்கு ஒரு மணி நேரம் பதில் சொன்னார். முடிவில், "முப்பது வருசம் வேல பாத்தேம்மா. ஒடம்புக்கு எப்புடி இருக்குன்னு ஒரு மனுசரும் கேக்கல. நீங்கதான் கேட்டீங்க" என்றார். அவருடைய கோடுகள் என்னுடையதைப் போல ஒரே உயரத்தில் நிற்கவில்லை. அது மருந்தாலா வயதாலா என்று இப்போது சொல்ல முடியாது என்று அவரிடமே நேராகச் சொல்லி, கிளினிக்கில் சேர்த்துவிட்டாய். தெரியாது என்று ஒரு டொக்டர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தடவை. விற்பனைக்காரனுக்கு வாயில் வராத சொல் அது. அதை எங்கே போனாலும் விட்டுவிடாதே.

பிறகு நீ பொலன்னறுவைக்கு மெசினைக் கொண்டுபோய் மாதக்கணக்காக நின்றாய். ஒரு மத்தியானம் ஃபோன் எடுத்து மூச்சு வாங்கக் கதைத்தாய். வயலுக்கு மருந்தடித்து நஞ்சேறிய ஒருவர். மூன்றாம் நாள் எழும்பியிருந்து பிளேன்ரீ குடித்தார், வீட்டார் கூட்டிக்கொண்டு போக உடுப்போடு வந்து நின்றார்கள். நீ சின்னவிரலில் கரண்ட் கொடுத்துப் பார்த்தபோது கோடுகள் படியிறங்குவது போலக் குறைந்துகொண்டே போயின. இவரை இன்றைக்கு விடவேண்டாம், சுவாச மெசினுக்குப் பக்கத்துக் கட்டிலில் வையுங்கள் என்று வார்ட் டொக்டரைக் கெஞ்சினாய். பின்னேரம் அந்த மனிதருக்குத் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. பிறகு மூச்சும் குறைந்தது. சுவாசக் குழாய் நேரத்துக்குப் போடப்பட்டது. பதினொரு நாள் கழித்து அவர் தானாக மூச்சு விட்டு, முதலில் கேட்டது வயலுக்குத் தண்ணீர் திறந்தார்களா என்று. "ஒராளை வைச்சு ஒண்டும் நிறுவேலாது அப்பா" என்று நீ சொன்னாய். சரி, நீ நிறுவ வேண்டாம். அம்மா அன்றைக்குப் பாயாசம் வைத்தாள். நான் இரண்டு கோப்பை குடித்தேன்.

உன்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் வயலில் நஞ்சேறியவர்கள் அல்ல என்று எனக்குத் தெரியும். ஒரு கோபத்தில், ஒரு அவமானத்தில் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு வருகிறவர்கள் பலர். கண் திறந்ததும் அம்மாவைத் தேடுகிறார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். அவர்களுக்குப் புத்தி சொல்லப் பலர் வருவார்கள். நீ செல்வராஜ் அண்ணனோடு இருந்தது போலப் பக்கத்தில் இரு, அவ்வளவு போதும். நேரத்துக்குச் சாப்பிடு. கேள்வித்தாளில் ஒருவர் இல்லை என்றால், கொஞ்சம் பொறுத்து இன்னொருமுறை கேள். சிலருக்கு இரண்டாம் தடவைதான் வாய் திறக்கும். எனக்கு இருபத்துநாலு வருசம் எடுத்தது.

போன மாதம் உன்னோடு பொலன்னறுவைக்கு வந்து அந்த விவசாயிகள் கூட்டத்தில் கதைத்தேன். கையை விட்ட கதையை அப்படியே சொன்னேன். ஒருவரும் கை தட்டவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் எழும்பி, "சரி மாத்தையா, மருந்தடிக்காவிட்டால் பூச்சியை யார் விரட்டுவது, நீங்கள் வருவீர்களா?" என்று கேட்டாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குத் தெரியாது என்று சொன்னேன். உன்னிடம் கற்ற சொல். ஆனால் கையுறை போடுவதையும், ஒழுகுகிற தாங்கியை முதுகில் ஏற்றாமல் இருப்பதையும், மருந்து பட்ட சட்டையை உடனே கழற்றுவதையும் பற்றி ஒரு மணி நேரம் கேட்டார்கள். கடைசியில் அந்தப் பெண்தான் எங்களுக்குச் சோறு போட்டாள்.

இன்று காலை சந்தையில் அம்மாவின் தூரத்துச் சொந்தக்காரி ஒருவரைக் கண்டேன். இரண்டு பிள்ளைகளும் கனடாவில். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே கேட்டா: "மகள் வெளிக்கிடுறாவாமே. எந்த நாடு?"

"இந்த நாடுதான்" என்றேன்.

பகிடி என்று நினைத்துச் சிரித்தா. பொலன்னறுவை என்றதும் சிரிப்பு நின்றது. "ஐயோ, அங்க ஏன்?" என்றா.

"அங்கதான் அவவைத் தேடுற ஆக்கள் இருக்கினம்" என்றேன். அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கத்தரிக்காயை நிறுக்கக் கொடுத்தா. நான் காலி வீதியால் நடந்து வந்தேன். தெரிந்தவர், தெரியாதவர், யாராவது இன்னொருவர் மறித்து அதே கேள்வியைக் கேட்கமாட்டாரா என்று வழி முழுக்கப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

சுகமாய்ப் போய் வேலையைத் தொடங்கு, குஞ்சு.

அப்பா